கத்தரித்துக் காட்டிய நாற்பது பாகை

கோணல் கண்ட இடத்தில் கோபம் கொள்ளாது கோணம் காணக் கற்பித்த குணவதியே! முப்பத்தோராண்டு ஆல்டர்டன் உயர்நிலைப் பள்ளியின் கரும்பலகையைக் கட்டியாண்டு இன்று ஓய்வுபெறும் வடிவியல் அரசியே! டகோட்டாப் பனியில் வண்டி கிளம்பாத நாளிலும் வகுப்புக்கு வரத் தவறாத வெர்னா ஹால்வர்சன் அம்மையே! வணக்கம்.

இணைகரத்தை மூலைவிட்டம் பிரித்தால், பிற வகுப்புகளில் மாணவர் பாகைமானியைத் தேடுவர். தங்கள் வகுப்பிலோ காப்பித் தகர டப்பாவிலிருக்கும் கத்தரிக்கோலைத் தேடுவர். "வெட்டு, திருப்பு, மேலே வை" என்பதற்குமேல் தாங்கள் விளக்கியதில்லை.

ஒன்பதாண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. இறுதித் தேர்வின் இணைகரத்தில் எழுபது பாகை மூலையொன்றை மூலைவிட்டம் பிரித்திருந்தது. ஒரு பங்கு முப்பது. அந்த முப்பது உள்ள முக்கோணத்திலேயே, மூலைவிட்டத்தின் மறுமுனைக் கோணம் என்ன? நம் விடைக்குறிப்பு முப்பது என்றது. ஜோலீன் ட்வைட் என்னும் மாணவி நாற்பது என்றாள். அந்த இரண்டு மதிப்பெண்ணில் அவள் தேறவில்லை. மறுநாள் பட்டமளிப்பு, அவள் தாயோ ஊருக்கே விருந்து சொல்லிவிட்டார்.

விடைக்குறிப்பு எழுதிய ஆசிரியர் மல்லுக்கு நின்றார். "மூலைவிட்டம் ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரிதான் வெட்டும். பொண்ணு குருட்டாம்போக்குல எழுதியிருக்கா, வெர்னா!"

"வெட்டும்தான். ஆனா பக்கம் மாத்தி வெட்டும். நீங்களே வச்சுப் பாருங்க" என்று வினாத்தாளின் படத்தையே கத்தரித்தீர்கள். திருப்பி வைத்த துண்டு, நாற்பதின்மேல் நாற்பதாக அச்சாய்ப் பொருந்தியது.

தலைமையாசிரியரிடம் போய், "எங்க குறிப்புல ஒரு தப்பு" என்றீர்கள். யாருடைய தப்பு என்று அவர் இருமுறை கேட்டும் தாங்கள் பெயர் சொல்லவில்லை. சனிக்கிழமை ஜோலீன் அங்கி அணிந்து மேடையேறினாள்.

அந்தத் தப்பு என்னுடையது. இம்மடலை எழுதிப் படிக்கும் டேல் ஆஸ்ட்பியாகிய நான்தான் அந்த ஆசிரியன். தாங்கள் மூடிக் காத்ததை இன்று ஊரறியச் சொல்லிவிட்டேன், நெஞ்சு லேசாகிறது.

ஜோலீன் இன்று தச்சுக்கூடம் நடத்துகிறாள். இம்மடலைத் தாங்கும் மரச்சட்டமும் அவள் செய்ததே. சட்டம் கேட்கப் போனபோதே என் தப்பை அவளிடம் ஒப்புக்கொண்டேன். சட்டம் ஆடாதிருக்கப் பின்புறம் மூலைவிட்டமாக ஒரு மரப்பட்டி அடித்து, ஒரு மூலையில் அதன் ஒரு பக்கம் மட்டும் பென்சிலால் முப்பத்தைந்து பாகை என்று குறித்திருக்கிறாள்; மறுபக்கம் தங்களுக்காக வெறுமையாக இருக்கிறது.

கை நடுங்காது, கண் மங்காது, காப்பி ஆறாது நெடுங்காலம் நலமே வாழ்க, தாயே! வெறுமையை நிரப்பும் வேலை தங்களுடையது. ஏனெனில், "அதை மட்டும் நீங்க போட்டுக் குடுத்துடாதீங்க, சார்!" என்று ஜோலீன் என்னிடம் சிரித்துச் சொல்லிவிட்டாள்.

தங்கள் பக்கத்து அறைகளில் பாடம் நடத்தியே தங்களிடம் பாடம் கற்ற,
ஆல்டர்டன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள்