முப்பத்தோரு ஓட்டுல தோத்த மந்திரி

...அதுக்குத்தாம்மா சொல்றேன், இந்த வென்பரி ஊருக்கு நன்றின்னா என்னன்னே தெரியாது! நீ போன வாரம் குடிவந்தவ, உனக்கு விளங்காது. கொஞ்சம் முன்னால நகரு, மீன்காரன் கூப்பிடுறான் பாரு... சர் ஹம்ஃப்ரி லானியன்னா யாரு? ஜெர்மன்காரனோட சண்டை முடியுற வரைக்கும் மந்திரி! அவரையே தோக்கடிச்சுட்டாங்களே, முப்பத்தோரு ஓட்டுல!

இருபத்திரெண்டு வருஷமா அவரு வீட்டுச் சமையல் நான்தான். டார்கஸ்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. மொதல்ல ஒரு கட்சில இருந்தாரு. அப்புறம் மாறுனாரு. அப்புறம் திரும்ப அதுக்கே வந்தாரு. நான் ஒண்ணும் கேக்கல. ரெண்டு கட்சிக்காரனும் ஆட்டுக்கறிதான் தின்னான். ஜெர்மன்காரன் வரான், வரான்னு பத்து வருஷம் கத்துனாரு. கிறுக்குன்னாங்க. விருந்துக்குக் கூப்பிட்டா ஒருத்தனும் வரல. பன்னெண்டு பேருக்குச் சமைச்சு, நானும் பூனையும் மூணு நாள் தின்னோம்! அப்புறம் அந்த ஜெர்மன்காரன் நெசமாவே சண்டைக்கு வந்தான். 'ஐயா வாங்க, மந்திரியா இருங்க'ன்னு சர்க்கார்லேருந்து கார் அனுப்புனாங்க.

ரேடியோப் பேச்செல்லாம் மொதல்ல என்கிட்டதான் பேசிக் காட்டுவாரு. உருளைக்கிழங்கு சீவிக்கிட்டே கேப்பேன். அழுதிருக்கேம்மா. வெங்காயத்தால இல்ல... அப்ப வெங்காயம் எங்க கெடைச்சுது?

ஆனா ஒண்ணு. என் தங்கச்சி வீட்டுல குண்டு விழுந்து, நாலு பிள்ளைங்களோட ஒத்த ரூம்ல கெடக்கா. 'ஐயா, வீடு எப்ப கட்டித் தருவீங்க?'ன்னு கேட்டேன். 'டார்கஸ், சண்டையில ஜப்பான்காரன் இன்னும் மிச்சம் இருக்கான்'னாரு. ஜப்பான்காரனா வந்து கூரை போடப் போறான்? சுருக்குன்னுச்சு.

அதான்... எப்படியும் ஜெயிச்சுருவாருன்னுதானே... வீடு கட்டுவேன்னு ஒரு வாத்தியார் நின்னாரே, அவருக்கு ஓட்டுப் போட்டுட்டேன். கொஞ்சம் பயந்தாத்தான் கேப்பாருன்னு. நான் ஒருத்தி மட்டும்னா பரவாயில்ல. இதே வரிசைல நின்னு, வாராவாரம், 'ஜெயிக்கத்தான் போறாரு, சும்மா ஒரு தடவை மாத்திப் போடு'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கேப்பாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்? என் பேச்சை இதுவரைக்கும் எவ கேட்டிருக்கா? வெளிநாட்டுல இருக்குற பட்டாளத்துக்காரங்க ஓட்டும் வந்து சேரணும்னு ஓட்டுப்பெட்டிய மூணு வாரம் பூட்டி வச்சாங்க. மூணு வாரமும் நல்லாத் தூங்குனேன் பாரு!

ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குற? மெதுவாத்தானே சொல்றேன்.

முடிவு வந்த அன்னிக்கு நேரா அடுக்களைக்கு வந்தாரு. தொப்பியக்கூடக் கழட்டாம ஸ்டூல்ல உக்காந்தாரு. 'இந்த ஊர்ல என்னைக் கைவிடாதவ நீ ஒருத்திதான், டார்கஸ்'னாரு.

ரேஷன்ல வாரத்துக்கு ஒரு முட்டை. அவரோடத அவரு காலையிலயே தின்னாச்சு. என்னோடத எடுத்து உடைச்சு ஊத்திப் பொரிச்சு வச்சேன்.

'உப்புப் பத்தல'ன்னாரும்மா.