முனியாண்டி காலமானார் என்று நான் சொல்லவில்லை

என் பெயர் ரஜியா பிந்தி அப்துல் மஜீத். வயது நாற்பத்து மூன்று. கோலா சாவாவில் கணவர் சித்திக்குடன் குடியிருக்கிறேன், அவர் ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நான் முன்பு சிரம்பானில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். அங்கே ஆள் குறைத்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நானே அலைந்து சேதி சேகரித்து, தினமும் சாயங்காலம் என் குரலில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறேன். இந்தப் புகாரைப் போலீஸ் நிலையத்தில் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தமிழில் சொல்கிறேன், கார்ப்பரல் மணியம் எழுதிக்கொள்கிறார்.

என் சேதியைச் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் எல்லாரும் கேட்பார்கள். கடைசியில் மரண அறிவிப்பு வரும். எங்கள் பக்கம் ஒரு சாவு கேள்விப்பட்டால் அந்த வீட்டுக்குப் போன் போட்டு உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை, மாலையை வாங்கிக்கொண்டு நேரே போய்விடுவார்கள். அதனால் வீட்டு ஆள் வாயால் கேட்காமல் எந்தச் சாவையும் நான் சொன்னதில்லை. கடைக்காரர்கள் தரும் விளம்பரத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இந்த வருஷம் யாரோ என் சேதியை ஏஐயில் போட்டு, வார்த்தையை மாற்றி, உடனே வேறு பெயரில் விடுகிறார்கள். பாதி விளம்பரம் அந்தப் பக்கம் போய்விட்டது. வயிறு எரிகிறதுதான், ஆனால் அதைச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

முனியாண்டி பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு ஜாகா, வாசலில் காவல் இருப்பவர். தோட்டத்தின் பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்று இந்த நிலையத்து அதிகாரி சொன்னதால் விடுகிறேன். போன மாதம் அவர் எங்கள் கடைக்கு வந்து, லோரிகள் மருந்து நாற்றம் அடிக்கும் நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு, பழைய மரங்களை வெட்டிய மறுநடவுக் காட்டுக்குப் போவதாகவும், வெறும் லோரியாகத் திரும்புவதாகவும், கீழே ஆற்றில் மீன் செத்து மிதப்பதாகவும் சொன்னார். "என் பேரு வெளிய வந்துடக்கூடாது தங்கச்சி, தோட்டத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவானுங்க" என்றார். நான் சத்தியம் செய்துகொடுத்தேன். அதன் பிறகு நானே ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, அவர் பெயர் இல்லாமல் சேதியை விட்டேன்.

அதன் பிறகு வந்த வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் கல்லாப் பக்கம் நின்றிருந்தேன். சாப்பிட வந்தவர் ஒருவர் போனில் என் குரல் கேட்டது. அன்றைக்கு நான் இன்னும் பேசவே இல்லை. டிரம் சேதி தவறு, மன்னிக்கவும் என்று அந்தக் குரல் சொன்னது. அதன் பிறகு, தோட்டத்து விஷயங்களை நமக்குத் தைரியமாகச் சொல்லி வந்த ஜாகா முனியாண்டி இன்று காலமானார் என்றது. சாவு சொல்வதற்கு முன்னால் நான் தொண்டையைச் செருமுவேன், அந்தச் செருமலும் அதில் இருந்தது. அவர் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் முனியாண்டி வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது, மாலையோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் உள்ளே சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி புஷ்பவள்ளி என்னைப் பார்த்து, "ஒன் வாயாலதானடி வந்துச்சு" என்று கத்தினார். போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு முனியாண்டி வேண்டாம் என்றார். வேலைக்கும் போகாதீர்கள் அண்ணே என்றேன். போகாவிட்டால் டிரம் விஷயத்தைத் தான்தான் சொன்னதாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார்.

அதன் பிறகு அது என் குரல் இல்லை என்று பேசி அனுப்பினேன். சற்று நேரத்தில் அதே குரலில், மறுப்புத்தான் போலி, ஏமாறாதீர்கள் என்று இன்னொன்று வந்தது. எந்த ரஜியா பேசுவது லா என்று கேட்டு எழுதினார்கள். மிச்சமிருந்த கடைக்காரர்களும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை முனியாண்டி மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பியிருக்கிறார், கேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மத்தியானம் புஷ்பவள்ளி அழுதுகொண்டு கடைக்கு வந்தார். முனியாண்டியைக் காணோம், தேட வாருங்கள் என்று நான் உடனே பேசி அனுப்பினேன். சிரிக்கிற பொம்மைகள்தான் பதிலாக வந்தன. ஒருவர், "போன தடவ மாலை வாங்குன காசு இன்னும் நிக்குது லா" என்று எழுதினார். அதன் பிறகு நானும் என் கணவரும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, கொஞ்சம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடினோம். ஆற்றுக்கு இறங்கும் மண்பாதையில், செம்பனை மரத்தடியில் முனியாண்டியின் மோட்டார் நின்றது. சாவி அதிலேயே இருந்தது, சோற்று டிபன் திறக்காமல் தொங்கியது. ஆட்களை அங்கேயே தேடச் சொல்லிவிட்டு நான் இங்கே வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அதை அப்படியே எழுதுங்கள் என்று கார்ப்பரலிடம் சொன்னேன். முனியாண்டிக்கு என்ன ஆனதோ என்ற பயம்தான் பெரிது. என் வாயை வைத்து இன்னும் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இருக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது புஷ்பவள்ளி போன் செய்தார். கார்ப்பரல் அனுமதியோடு எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அழுதார். "கெடச்சிட்டாராமே தங்கச்சி, சி ரூசாவுல சொந்தக்காரங்க வீட்டுல இருக்காருன்னு இப்பதான பேசி அனுப்புன. ஆளுங்கள்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார். நான் எதையும் அனுப்பவில்லை. "அக்கா, அது நான் இல்ல, இன்னும் கெடைக்கல, அவங்கள நிறுத்துங்க" என்றேன். அவர், "நீ யாருன்னு எனக்குத் தெரியல. ரஜியா நல்ல சேதி சொல்லிட்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

எழுதியதைக் கார்ப்பரல் எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் நேரில் உட்கார்ந்து சொன்னது, உண்மை. வேறெதுவும் சேர்க்க வேண்டாம், சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

(ஒப்பம்)
ரஜியா பிந்தி அப்துல் மஜீத்