இன்ஜின் போடக் கூடாது

இல்ல தம்பி, இன்ஜின ஓட விட்டு வச்சுக்கங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு மெக்கானிக்கும் அதத்தான் சொன்னாங்க. இன்ஜின் போடக் கூடாது. போடாமலே இந்த கார் பேட்டரியில லேப்டாப் அரை மணி நேரம் ஓடணும். இதக் கேட்டா ஏதோ ராக்கெட் விடச் சொன்ன மாதிரி பாக்குறாங்க.

மொதல்ல சிகரெட் லைட்டர் ஓட்டையிலதான் இந்த இன்வெர்ட்டர் டப்பாவ மாட்டினேன். வித்தவன், கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க சார்னான். அன்னிக்கே ஃபியூஸ் போச்சு. பெரிய ஃபியூஸாப் போட்டேன், ஒயர் சூடாகி ஒரே நாத்தம். சரி போன்னு பேட்டரியிலேருந்தே நேரா ஒயர் இழுத்தேன். ஆமா, இப்ப நீங்க மொறச்சுப் பாக்குறீங்களே, அதேதான். நான் இழுத்ததுதான். சிரிக்காதீங்க.

இருபது நிமிஷம் ஓடுது, அப்பறம் கீ கீன்னு கத்திட்டுப் பட்டுனு அணைஞ்சிடுது. லேப்டாப்போட சொந்த பேட்டரி போன மாசம் செத்துப்போச்சு. அந்த மாடல் இப்ப வர்றதே இல்லையாம். நேத்து எங்க பொண்ணு வீடியோவுல பேசிட்டிருக்கா, வாயத் தொறந்தவ தொறந்தபடியே இருட்டாயிட்டா. அதோட வண்டியும் கெளம்பல. ரோட்ல போறவங்களக் கூப்பிட்டுத் தள்ளினேன்.

வீட்ல உக்காந்து பேசலாம்தான். வீடுன்னு ஒண்ணு இருக்கணுமே. நான் லாட்ஜ்ல ஒரு ரூம்ல கெடக்குறேன். பொண்ணோட அம்மா அவ அக்கா வீட்ல இருக்கா. எட்டு மாசமாச்சு. பெரிய சண்டையெல்லாம் இல்ல, பேச்சு நின்னுபோச்சு, அவ்வளவுதான். என் ரூமுக்கு அவ வரமாட்டா. அந்த வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் பொதுவா மிஞ்சினது இந்த கார்தான்.

பொண்ணு வெளியூர்ல படிக்கிறா, கடைசி வருஷம். படிப்பு முடியிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்கம்மாதான் சொன்னா. அதனால அவங்கம்மா தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து பின் சீட்ல என் பக்கத்துல உக்காருவா. பழைய ஹால் கர்ட்டன பின் கண்ணாடியில தொங்க விட்டிருக்கேன், பாருங்க. படத்துல பாத்தா எங்க சோபா மாதிரியே இருக்கும். இப்ப சொல்லுங்க, சோபா எங்கயாவது உறுமுமா?

போன்லயா? போன அவங்கம்மா கையில வாங்கித் தன் பக்கமே திருப்பிக்கிறா தம்பி. நான் ஆளே இல்ல. லேப்டாப்னா ரெண்டு பேரும் தெரியணுமே, தோள ஒட்டித்தான் உக்காந்தாகணும்.

நேத்து லேப்டாப் நின்னுபோனதும் அவங்கம்மா கதவத் தொறந்து எறங்கிட்டா. இனிமே போன்லயே அவங்கவங்க தனித்தனியாப் பேசிக்கலாம்னுட்டா. பொண்ணு சந்தேகப்படுவா, இன்னிக்கு ஒரு நாள் பாத்துடலாம்னு கெஞ்சி வச்சிருக்கேன். இன்னிக்கும் கீ கீன்னு கத்துச்சுன்னா, என் கதை முடிஞ்சது.

இந்த பேட்டரிக்கு வயசாயிடுச்சா? யாருக்குத்தான் ஆகல. டிக்கியில இதுக்குன்னே தனியா இன்னொரு பேட்டரியா? அப்ப வண்டி பேட்டரி எறங்காது, இல்ல? அந்த மகராசன்க ரெண்டு பேருக்கும் இது தோணலியே. போடுங்க, இப்பவே போடுங்க. மணி நாலரை ஆச்சு.

என்னது, பேசாம பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிடலாமேவா?

சொல்லியாச்சு தம்பி. மூணாவது மாசமே நான் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அழுதா, அப்பறம் சரிப்பான்னா. அதுலேருந்து தினமும் ஒண்ணுமே தெரியாத மாதிரி, ஹால்ல ஃபேன் ஓடலையா, ரெண்டு பேருக்கும் இப்பிடி வேர்க்குதேன்னெல்லாம் கேக்குறா. அவளுக்குத் தெரியும்ங்கறது அவங்கம்மாவுக்குத்தான் தெரியாது. ஒயரு கொஞ்சம் தடிமனாவே போடுங்க.