விலை இறங்காத நாட்கள்

வாடிக்கையாளர்களுக்கு நல்ல தேநீர் கொடுக்க வேண்டும் என்பது என் வழக்கம். கராச்சியின் பங்குத் தரகர்கள் பலர் அதில்கூடக் கஞ்சத்தனம் பார்ப்பார்கள்.

ரஷீதா ஆபா, அதாவது ரஷீதா அக்கா, பதினோரு வருடமாக என் வாடிக்கையாளர். பள்ளி ஆசிரியை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு சிமெண்ட் கம்பெனியின் பங்குகளாக வாங்கிச் சேர்த்தார். என் யோசனைதான். நானும் அதில்தான் போட்டிருந்தேன்.

2008 ஆகஸ்ட். ஜனாதிபதி பதவி விலகியிருந்தார். ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆபா போன் செய்தார்.

"யூனுஸ் பாய், எல்லாத்தையும் வித்துடுங்க. இவருக்கு இதயத்துல ரெண்டு குழாய் அடைச்சிருக்காம். ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டணும்."

"கவலைப்படாதீங்க ஆபா" என்றேன்.

அன்று அவருடைய பங்குகள் விற்பனையாகவில்லை. அந்த வாரமே சந்தை நிர்வாகம் ஒரு தடை போட்டது: அன்றைய விலைக்குக் கீழே எதையும் விற்கக் கூடாது. அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. ஆகவே யாராலும் விற்க முடியவில்லை. பக்கத்து அறைத் தரகர் இல்யாஸ் சிரித்தார்: "நம்ம ஊர்ல கரண்ட் போவும், தண்ணி போவும், ஜனாதிபதியே போவாரு. விலை மட்டும் போகக் கூடாதாம்."

பள்ளி விட்டதும் ஆபா தினமும் வந்து விலைத் திரைக்கு எதிரே உட்காருவார். நோன்பு மாதம், தேநீர் கொடுக்கவும் வழியில்லை. ஒருநாள் வளையல்களை விற்றுவிடட்டுமா என்று கேட்டார்.

"பாதி விலைக்குத் தள்ளிடாதீங்க ஆபா. திங்கக்கிழமை சந்தை சரியாயிடும்."

மூன்று வாரம் அப்படியே சொன்னேன். வளையலை விற்றால் என் வார்த்தையை அவர் நம்பவில்லை என்றாகிவிடும் அல்லவா? பெருநாளுக்கு ஆறு நாள் முன்பு அவர் கணவர் இறந்தார்.

அடக்கத்துக்கு உடலைப் போர்த்தும் கஃபன் துணியை நான்தான் வாங்கினேன். ஆபா என் தலையில் கை வைத்து, "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்றார்.

விசாரணைக்கு வந்த நீங்கள், ஆபா போன் செய்த அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா. அன்று வாங்க ஒருவர் வந்தார். ஒரே ஒருவர். அவர் கேட்ட அளவு ஆபாவிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. தடை வரப்போகிறது என்று முந்தைய நாளே ஒரு நண்பர் என் காதில் போட்டிருந்தார். வாடிக்கையாளரின் உத்தரவுதான் முன்னால் போக வேண்டும். விதி எனக்குத் தெரியும். நான் என்னுடையதை விற்றேன். ஆபா என் எதிரே உட்கார்ந்திருந்த நாட்களில் எல்லாம் அந்தப் பணம் என் வங்கியில் இருந்தது. முன்பணத்தைப் போல ஆறு மடங்கு.

இப்போதும் பிற்பகல் இரண்டு மணிக்கு, யாரும் இல்லாதபோது, அவர் உட்கார்ந்த நாற்காலி கிரீச்சிடுகிறது. நாற்காலியை மாற்றினேன். புதியதும் அதே நேரத்தில் கிரீச்சிடுகிறது.

ஒரு வேண்டுகோள். இதை ஆபாவிடம் சொல்லிவிடாதீர்கள். கணவரின் சேமநிதிப் பணம் போன வாரம்தான் வந்தது. அதையும் என்னிடமே கொடுத்திருக்கிறார். பாவம், நம்புவதற்கு என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?