ரேட்டு வெளியில போன வழி

— ரூமுக்கு ஒரு பூட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு, பிளாப்பி வெச்ச பீரோவுக்கு ஒரு சாவி. செருப்பைக் கழட்டிப்போட்டுத்தானுங்க நானே உள்ள போறது. இத்தனையும் தாண்டி எங்க பம்புசெட்டு டெண்டரு ரேட்டு வெளியில போயிருக்குதுன்னா, உள்ளாளு கை இல்லாமப் போகுமுங்களா, இன்ஸ்பெக்டர்?

— உள்ளாளுன்னா ஆரைச் சொல்றீங்க, ரங்கராஜ்?

— நான் ஒருத்தன். இந்தா நிக்குதே பொற்கொடி, கம்ப்யூட்டர் பாக்கற புள்ள, இது ஒண்ணு.

— மொத்தமே ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு புகார் குடுக்கறாரு. எங்களுக்கு வேலையே வெக்கலைங்க நீங்க. ஏனம்மணி, நீ என்ன சொல்ற?

— ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறனுங்க சார். நான் ஆருகிட்டயும் சொல்லலைங்க. நீங்க கேஸ் எழுதிப்போட்டீங்கன்னா, இனி கோயமுத்தூருல ஒரு கம்பெனிக்காரரும் என்னையக் கம்ப்யூட்டரத் தொட உட மாட்டாங்க. எங்கம்மா காடு காடாக் களையெடுத்து என்னையப் படிக்க வெச்சுதுங்க. வெளிய வேப்பமரத்துக்கிட்ட உக்காந்து அழுதுட்டு இருக்குது.

— அழுவ வேண்டாம் கண்ணு. ஸ்டேஷன் ரைட்டரு இன்னும் பேனாவையே தொறக்கலை. ரங்கராஜ், மொதல்ல இருந்து சொல்லுங்க. டீ ஆறுது, குடிச்சுட்டே சொல்லுங்க.

— சித்திரையில ஒரு குடிதண்ணி டெண்டருங்க. எப்பவும் எங்களுக்குத்தான் வரும். இந்த வாட்டி போட்டிக் கம்பெனி வரதராஜுலுவுக்குப் போயிருச்சு. பம்புக்கு முந்நூறு ரூபா கம்மியாப் போட்டிருந்தாரு. ஆடியில இன்னொண்ணு, அம்பது ரூபா கம்மி. ஐப்பசியில பத்தே பத்து ரூபா. இதென்னங்க, சோசியமா பாக்கறாரு அவரு?

— சித்திரையில போனது களவில்லைங்க சார். அவங்க செம்புக்கம்பிய வெலை எறங்குனப்பவே மொத்தமா வாங்கிப்போட்டிருந்தாங்க. அந்த ரேட்டு அவங்களுக்குக் கட்டுபடியாச்சு. மொதலாளிகிட்ட அன்னைக்கே சொன்னனுங்க.

— நீ செத்த சும்மா இரு அம்மணி. என்ற ரேட்டுக்குக் கீழ ஒருத்தன் போறான்னா, அது களவுதான்.

— அது கெடக்கட்டுங்க. சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவுல நீங்க என்ன பண்ணுனீங்க?

— கட்டுக்காவலைப் பலப்படுத்துனனுங்க. பூட்டு, பீரோ எல்லாம் அப்ப வாங்குனதுதான். பாஸ்வேர்டையும் மாசாமாசம் மாத்தச் சொல்லிப்போட்டேன். இந்தப் புள்ள சீட்டுல எழுதிக் குடுக்கும். நான் பாடம் பண்ணிக்கிட்டு, சீட்டை வெத்தலையோட மென்னு முழுங்கீருவேன்.

— முழுங்கீருவீங்களா?

— பின்ன? கிழிச்சுப் போட்டா ஒட்ட வெச்சுப் படிச்சுப்போட மாட்டாங்களா?

— செரி. அவ்வளவுதானா?

— அவ்வளவுதானுங்க. அதுக்கப்பறம் ஆனைமலைக்குப் போயி, மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசிட்டு வந்தேன். களவு போனா, கள்ளனைத் தண்டிக்கச் சொல்லி ஊரே செய்யறதுதானுங்களே.

— செய்யறதுதான். எங்க ஊட்டு எருமை காணாமப் போனப்ப நானே போயி அரைச்சிருக்கறேன். போலீஸ்னு சொல்லிக்கலை. அம்மன்கிட்ட என்னன்னு வேண்டுனீங்க?

— வெவரமாத்தானுங்க. மொட்டையாச் சொன்னா அம்மன் எதைன்னு காவல் காப்பா? அடுத்த டெண்டரு இன்னது, நம்ம ரேட்டு இன்னது, பாஸ்வேர்டு இன்னது, கள்ளன் கை படாமப் பாத்துக்க தாயேன்னு சொன்னேன்.

— பாஸ்வேர்டையுமா?

— அம்மன்கிட்ட ஒளிக்கலாமுங்களா?

— மனசுக்குள்ள சொன்னீங்களா, வாய் உட்டுச் சொன்னீங்களா?

— சார், மொதலாளி முப்பது வருசமா லேத்து சத்தத்துல நின்னவருங்க. இவரு மெதுவாப் பேசுனாலே வாட்ச்மேன் என்னன்னு எட்டிப் பாப்பாரு.

— பக்கத்துல ஆராச்சும் இருந்தாங்களா?

— வெளியாளு ஆரும் இல்லைங்க. வரதராஜுலு மட்டுந்தான்.

— எந்த வரதராஜுலு?

— ஊருக்கு எத்தனை வரதராஜுலுங்க? அவருதான். அவரு காருலதானே போனோம். டெண்டருல போட்டி செரி, சாமி கும்பிடறதுல என்னங்க போட்டி? எனக்கு மொளகா நெடி ஆகாது, தும்மித் தும்மி உசுரு போயிரும். அதனால அரைச்சது அவருதானுங்க.

— அவரு அரைச்சாரா?

— தங்கமான மனுசனுங்க. நான் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, தலையாட்டிக்கிட்டே அரைச்சாரு. ரேட்டு சொல்றப்ப ஒரு தும்மல் வந்துருச்சு. அவருதான், அம்மனுக்குச் செரியாக் கேட்டிருக்காது, மறுக்காச் சொல்லுங்கன்னாரு.

— ஐப்பசி டெண்டருக்கு முன்னாடியும் போனீங்களா?

— போனமுங்க. அந்த வாட்டி பாவம், ஒரு நோட்டு வேற கொண்டாந்திருந்தாரு. ஸ்ரீராமஜெயம் எழுதறதா வேண்டுதலையாம். நான் பேசப் பேச எழுதிக்கிட்டே இருந்தாரு.

— மொதலாளி… நாளைக்கு அடுத்த டெண்டருங்களே?

— அதுக்கென்ன அம்மணி. வெள்ளிக்கெழமையே அவரு காருல போயி அம்மன்கிட்டச் சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

— ரைட்டரே, பேனாவை எடுத்து உள்ள வெய்யுங்க.

— ஏனுங்க இன்ஸ்பெக்டர், என்னாச்சு? ரெண்டு பேரும் ஏன் என்னைய இப்படிப் பாக்கறீங்க? … அட. … அட ஈசுவரா. அவனா? புடிங்க அவனை. புடிச்சு உள்ள போடுங்க.

— எந்தச் சட்டத்துலைங்க போடறது? பூட்டை ஒடைக்கலை, கம்ப்யூட்டரத் தொடலை. நீங்க சொன்னீங்க, அவரு கேட்டுக்கிட்டாரு. காதைப் பொத்திக்கோணும்னு சட்டத்துல எங்கயும் எழுதலைங்களே.

— அப்ப நாளைக்கு டெண்டரு?

— இப்பவே கெளம்புனா அஞ்சு மணிக்குள்ள கணக்குப் பாத்து வேற ரேட்டு போட்டுப்போடலாமுங்க மொதலாளி. ஆனா ஒண்ணு. புது ரேட்டு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். புது பாஸ்வேர்டும் சொல்ல மாட்டேன். பேப்பரை மடிச்சுத் தருவேன், கீழ கையெழுத்து மட்டும் போடுங்க.

— என்ற கம்பெனி ரேட்டு எனக்கே தெரியக் கூடாதா?

— அதுதானுங்க கட்டுக்காவலு. அம்மணி சொல்றபடி கேளுங்க.

— செரி… செரி அம்மணி. உன்ற மேல பழி போட்டது என்ற தப்புத்தான். மனசு ஒரு மாதிரி இருக்குது. உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்லிப்போடறேன்.

— சத்தமாவே சொல்லுங்க மொதலாளி. இதை நாலு பேரு கேக்கோணும்.

— அப்ப ரங்கராஜ், புகாரை வாபஸ் வாங்கறேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது. ஏனுங்க, பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

— மொத வாட்டி போனப்பவே, கெளம்பறதுக்கு முன்னாடி அம்மன்கிட்ட இன்னொண்ணும் வேண்டுனனுங்க. ரேட்டை வெளியில உட்டவன் எவனா இருந்தாலும் செரி, அவன் தொழில் படுத்துப் போவோணும், அவனுக்கு ஒரு டெண்டருகூடக் கெடைக்கக் கூடாதுன்னு.

— செரி, அதுக்கென்ன இப்போ?

— இங்க குடுத்த புகாரை வாபஸ் வாங்கிப்போடலாமுங்க. அங்க குடுத்ததுக்கு, அம்மன் ஆடியிலயே ஆளைப் புடிச்சுத் தண்டனை குடுக்க ஆரம்பிச்சுட்டாளாட்ட இருக்குதுங்களே.