விருப்பம் உண்டு, வருகை இல்லை

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கதவு வரை நெருக்கியடித்து நிற்கும் மாணவச் செல்வங்களே!

இத்தனை பேரா! புள்ளியியல் ஆய்வகத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத இத்தனை பேரா! என் நண்பர், நம் பேராசிரியர், நீங்கள் 'சராசரி சார்' என்று பட்டப்பெயர் வைத்த அந்த மனிதர் இந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று எனக்கு வயிறு எரிகிறது.

அவர் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பாராட்டு கேட்டாரா? உங்கள் ஆய்வேட்டுக் கணக்கை நீங்களே மென்பொருளில் போட்டுப் பாருங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்! அதற்காக நிர்வாகத்திடம் கெஞ்சி ஆய்வகம் வாங்கினார். மாலைதோறும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் வந்தீர்கள்? செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தீர்கள்!

சென்ற பருவத்தில் ஒரு கருத்தாய்வு நடத்தினார். புள்ளியியல் மென்பொருளைக் கற்க விருப்பமா என்று கேட்டார். ஏறக்குறைய எல்லோரும் 'மிகவும் விருப்பம்' என்று குறித்தீர்கள். மனிதர் குழந்தை மாதிரி துள்ளினார். "பாத்தியாப்பா, பசங்களுக்கு ஆசை இருக்கு. நாமதான் சரியா கூப்பிடல" என்றார். அந்தத் தரவையே உங்களிடம் கொடுத்து, ஆய்வகத்தில் அலசி முடிவு சொல்லுங்கள் என்றார். நீங்கள் என்ன செய்தீர்கள்? வாசலுக்கு எதிரே உள்ள நகல் கடையில் காசுக்கு அலசித் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள்! மென்பொருள் கற்க ஆசை என்ற முடிவை, மென்பொருளைத் தொடாமலே வாங்கி வந்த கூட்டம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தார். அதில் உங்கள் பதிவெண்களுக்கும் சராசரி போட்டிருந்தது! ஒருவராவது படித்துப் பார்த்தீர்களா?

"பதிவெண்ணுக்கு எதுக்குப்பா சராசரி? போன் நம்பருக்கும் போட்டுக் குடுப்பாரா?" என்று நம் பேராசிரியர் ஒரு மாணவரைக் கேட்டார்.

"கடையில அப்படித்தான் சார் வந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் போய்க் கதவைத் திறந்தார். படுக்கையில் விழும் வரை திறந்தார்.

யாரும் வராத அந்த ஆய்வகத்தை, உடைந்த நாற்காலி போடும் அறையாக மாற்றப் போகிறார்களாம். துணைவேந்தர் அவர்களே, உங்களிடம் சண்டை போடத்தான் நினைத்தேன். காலி அறையைக் காட்டி என்னவென்று வாதாடுவது? நேற்று அண்ணி என்னிடம், "ஒரு சாயங்காலம்கூட வீட்டுல இருந்ததில்ல தம்பி. 'இன்னிக்கு யாராவது வருவாங்க'ன்னு கிளம்பிடுவாரு. யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள்!

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். சரி, தொடர விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள்.

பார்த்தீர்களா, மறுபடியும் எல்லோரும்! இறக்குங்கள் ஐயா கையை! இந்தக் கைகளை நம்பித்தான் அவர் ஏமாந்தார்.

இனி மாலைதோறும் அந்தக் கதவை நான் திறப்பேன். அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இது என் உறுதி. உங்கள் உறுதி எனக்கு வாய்வார்த்தையாக வேண்டாம். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். எழுந்திருங்கள். ஆனால் நிற்க வேண்டாம், நடங்கள். ஆய்வகம் இந்த மண்டபத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. கணினிகளைப் போட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அண்ணி, நீங்களும் வாருங்கள். யாராவது வருகிறார்களா என்று நீங்களே வந்து பாருங்கள்.