இரண்டு சாக்பீஸ் கோடுகள்

பழைய சரக்கு வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். டேங்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முப்பது வருஷமாக டேங்க் வேலை செய்கிறவன் சொல்கிறேன், நீங்கள் வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள்.

என் தங்கை புருஷன் வாங்கிய வண்டியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் சில அப்படித்தான். கதவைச் சாத்தினால் வாடை தலைக்கேறும். தனி ஆள் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிவிடலாம். ஒருமுறை கடைத்தெரு வரை போய் வந்ததற்கே தங்கையின் குழந்தை மடியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டது. பாவம்தான். ஆனால் அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வாடை இருக்கும்வரை அவர்கள் எங்கும் போய்விட முடியாது.

அவனுக்குத் தொலைவில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு அங்கேயே குடிபோகப் போகிறானாம். அம்மா போனபோது என் தங்கைக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். பள்ளிக்கூடத்தில் அப்பா இடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான். எனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. யாரும் பெண் கொடுக்க வரவில்லை என்பது வேறு விஷயம். என் பட்டறையில் வெல்டராக வந்தவனுக்கே அவளைக் கட்டிவைத்தேன், வீட்டோடு கிடப்பான் என்று நம்பித்தான். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகிவிட்டது.

எனக்கு அவனைப் பிடிக்காது. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவான், சப்புக்கொட்டிச் சாப்பிடுவான். ஏழு வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருநாளும் முகத்தில் காட்டிக்கொண்டதில்லை. பெரியவன் என்றால் பொறுத்துப் போகவேண்டும்.

பிறகு ஒருநாள் அவனே வந்து கேட்டான்.

“மச்சான், டேங்க தூக்கி பின்னாடி பாடிக்கு அடியில மாட்டிட்டா, புள்ள முன்னாடி நிம்மதியா தூங்கிட்டு வரும். நீங்க கழட்டிக் கழுவி மட்டும் குடுங்க. அதுல பட்டி வெல்டு வச்சு மாட்டறத நான் பாத்துக்கறேன்.”

புது டேங்க் வாங்கிப் போடேன் என்று சொல்லிப் பார்த்தேன். பழைய தகடுதான் கெட்டி என்றான். என் தங்கையை என்னிடமிருந்து கூட்டிப் போவதற்கு என் கையாலேயே வண்டியைத் தயார் செய்யச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த அளவுக்குத்தான் அவனுக்குப் புத்தி.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்ரோல் இருந்த டேங்கை வடித்தால் மட்டும் போதாது, உள்ளே ஆவி நிற்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பொல்லாதது. சலவை சோடா போட்ட வெந்நீரில் மூன்று முறை கழுவி, ஒரு பகல் கவிழ்த்துவைத்த பிறகு, அதன் வாயருகே இரண்டு சாக்பீஸ் கோடு போடுவோம். கழுவியவன்தான் போடவேண்டும். கோட்டைப் பார்த்தபின் வெல்டர் எதுவும் கேட்கமாட்டான். கேட்டால் கழுவியவனை அவமதித்தது போல. நான் ஏற்படுத்திய வழக்கம் அது. முப்பது வருஷத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

செவ்வாய்க்கிழமை டேங்கைக் கழற்றி வடித்தேன். வெளிப்புறத்தை மட்டும் துடைத்தேன். புதன்கிழமை காலையில் இரண்டு கோடு போட்டேன், நேராகவே வந்தன. வாடையைப் பற்றிக் கவலை இல்லை. வெல்டிங் புகையில் அவன் மூக்கு செத்து நாளாகிவிட்டது. வீட்டில் பால் தீய்ந்தால்கூட நான்தான் சொல்லவேண்டும்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. பெயின்ட் டப்பாக்களை வெளியே எடுத்துவைத்தேன். லேத் ஓட்டுகிற பெரியவரை பேரிங் வாங்க அனுப்பினேன். தங்கை பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு கொண்டுவருவாள் என்பதால் பத்தரைக்கே வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன்.

அவன் கோட்டைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் முதல்முறையாக, “கழுவியாச்சா மச்சான்?” என்று கேட்டான். உடனே அவனுக்கே கூச்சமாகிவிட்டது. “புள்ள ஏறப்போற வண்டி, அதான் கேட்டேன். தப்பா நினைக்காதீங்க.”

“கோடு இருக்குல்ல மாப்ள” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு இருந்தது. அவன் பல்லைக் காட்டிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டான். நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். மூன்று நாள் எனக்குக் காது கேட்கவில்லை. தங்கை அழுததைக்கூட நான் பார்க்கத்தான் செய்தேன்.

விபத்து என்று நீங்களே எழுதிக்கொண்டு போனீர்கள். நானும் விட்டுவிட்டேன். மூன்று வாரம் வீடு பழையபடி இருந்தது. குழந்தைக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். ஒருநாள் மட்டும் தங்கை, “நீதானே அண்ணா கழுவின?” என்று கேட்டாள். பழைய தகட்டில் மடிப்புக்குள் எங்காவது தங்கியிருக்கும் என்றேன்.

நேற்று பெட்டி கட்டினாள். மாமியார் வீட்டுக்குப் போகிறாளாம். துணைக்கு நானும் வருகிறேன் என்றதற்கு, “வேணாம். நீ இருக்கிற ஊர்ல என்னால மூச்சு விட முடியல” என்றாள். துக்கத்தில் இருப்பவள் ஏதாவது சொல்லத்தான் செய்வாள். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

காலையில் ஸ்டேஷனுக்கு வந்ததும் வாசலில் இருந்த உங்கள் ஆளிடம்தான் முதலில் விசாரித்தேன். விபத்து என்றால் யாரும் எங்கேயும் போகலாமாம். கொலை என்றால் விசாரணை முடியும்வரை முக்கிய சாட்சியை ஊரைவிட்டு விடமாட்டீர்களாம். அதனால் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள்: கழுவாத டேங்க் என்று தெரிந்தே கோடு போட்டேன், அவன் சாகவேண்டும் என்றுதான் போட்டேன். இதற்கு முக்கிய சாட்சி என் தங்கை.

கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள். பஸ் மூன்று மணிக்கு. அதற்குள் யாரையாவது அனுப்பி அவளை இறக்கி, வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.